பகலவனுக்காக நான் சொன்ன பதினோரு பதில்கள்

கள்ளக்குறிச்சி,
ஐப்பசி 12.

மகள் அருள்மொழிக்கு அம்மா எழுதிக்கொண்டது.

இங்கே எனக்கும் அப்பாவுக்கும் உன் தம்பி பகலவனுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, அங்கே மெல்போர்னில் உனக்கும் மாப்பிள்ளைக்கும் ஒரு குறையும் வரக் கூடாது என்று மாரியம்மனைக் கும்பிட்டுவிட்டுத்தான் பேனாவைத் தொட்டேன். கோபமாக இருந்தாலும் இதை முதலில் எழுதாமல் எனக்குக் கடிதம் எழுத வராது. மூன்று வாரமாக நீ கூப்பிடக் கூப்பிட நான் போனை எடுக்கவில்லை. அம்மாவுக்கு என்ன ஆச்சு என்று அப்பாவைக் கேட்டாயாம், அவரும் தையல் வேலை ஜாஸ்திமா என்று மழுப்பினாராம். தையலும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. போனில் பேசினால் நீ நாலு தடவை அம்மா அம்மா என்பாய், நான் உருகிப்போய் சரி விடு என்று சொல்லிவிடுவேன். இந்த முறை அப்படிச் சொல்லக் கூடாது என்றுதான் உட்கார்ந்து எழுதுகிறேன். கடைசிவரைக்கும் படி, நடுவில் எழுந்து போய்விடாதே.

ஊர்ச் செய்தியைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் பிறகு மறந்துபோகும். அப்பாவுக்கு பிரேக் மிதிக்கிற கால் முட்டி வீங்கிப்போய் பத்து நாள் ஷேர் ஆட்டோவை எடுக்கவில்லை, இப்போது ஓட்டுகிறார், தைலம் தேய்த்துவிட்டால்தான் எழுந்திருக்கிறார். டாக்டரிடம் போகச் சொன்னால் நாளைக்கு நாளைக்கு என்கிறார், நீ சொன்னால் கேட்பார். எதிர்வீட்டு அம்சவள்ளியின் மகளுக்குத் தை மாதம் கல்யாணம் வைத்திருக்கிறார்கள், ஜாக்கெட்டெல்லாம் என்னிடம்தான் கொடுத்திருக்கிறாள். அவள் உன்னைக் கேட்டாள், நல்லா இருக்காள் என்றேன். வேறு என்ன சொல்ல? என் பொண்ணு செய்த காரியத்தை எதிர்வீட்டில் சொல்லி அழ முடியுமா?

புரட்டாசி மாதம் வெள்ளிமலையில் ஒரு முகாம் போட்டார்கள். சென்னைக் கல்லூரி ஒன்றிலிருந்து பேச்சுப் பயிற்சி படிக்கிற பிள்ளைகள் வந்து பத்து நாள் மேலேயே தங்கி வாய் பேச வராதவர்களைப் பார்ப்பார்கள், சக்கர நாற்காலிக்கும் அளவெடுப்பார்கள் என்றார்கள். கள்ளக்குறிச்சியில் நடந்த முகாமில் டோக்கன் கிடைக்காமல் திரும்பி வந்திருந்தோம், மேலே கூட்டம் கம்மியாக இருக்கும் என்று அப்பாதான் கிளப்பினார். கச்சிராயபாளையம் தாண்டி அடிவாரம் வரைக்கும் நம்ம ஆட்டோ, அங்கிருந்து ஜீப். பகலவனுக்கு இருபத்து மூன்று வயது ஆகிவிட்டது, முன்னே மாதிரி இடுப்பில் வைத்துக்கொண்டு ஏற முடியுமா? ஒவ்வொரு வளைவுக்கும் அவன் ஒரு பக்கம் சாய, நான் நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். இறங்கும்போது என் தோள்பட்டை எனக்கில்லை.

அங்கே ஆளுக்கு ஒரு மாணவி என்று பிரித்துக் கொடுத்தார்கள். திக்குவாய், சொல் தெளிவில்லாதது எல்லாம் சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு. கைகால் விழுந்து, பேச்சும் இல்லாமல், சாப்பாடு விழுங்கவும் சிரமப்படுகிற நம்ம பகலவன் மாதிரி ஆட்களைக் கடைசி வருஷத்துப் பிள்ளைகளுக்குத்தான் கொடுப்பார்களாம், அதுதான் அவர்களுக்குப் பெரிய பரீட்சையாம். பகலவனுக்கு வந்தவள் பெயர் இசைவாணி, திருவண்ணாமலைப் பக்கத்துப் பெண். பாவம், படம் ஒட்டிய அட்டையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். பின்னால் அவர்கள் மேடம் நோட்டில் குறித்துக்கொண்டே இருக்கிறார். ஒரு கேள்வி கேட்டால் மனதுக்குள் பத்து எண்ண வேண்டுமாம், எண்ணி முடிக்கிறவரைக்கும் வாயைத் திறக்கக் கூடாதாம், பெற்றவள் முகத்தைப் பார்க்கவே கூடாதாம். அவள் கையை முதுகுக்குப் பின்னால் வைத்து விரலை மடக்கி மடக்கி எண்ணுகிறாள், எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

உன் பேர் என்ன என்று அவனைக் கேட்டாள், பகலவன் என்றேன் நான். சாப்பிட்டீங்களா என்றாள், ஆச்சும்மா, ரெண்டு இட்லி கரைச்சுக் குடுத்தேன் என்றேன். அம்மா, அவரே சொல்லட்டும்மா என்று மெதுவாகச் சொன்னாள். அவன் எங்கடி சொல்லுவான், சொல்லுறவனா இருந்தா நான் எதுக்குடி மலையேறி வந்தேன் என்று கேட்டேன். அந்த மேடமே சிரித்துவிட்டார். அவள் உட்கார்ந்தது வேறு வலப்பக்கம். அவனுக்குக் கழுத்து இடப்பக்கம்தானே திரும்பும், வலப்பக்கம் உட்கார்ந்து பத்து எண்ணினால் என்ன நூறு எண்ணினால் என்ன? இந்தப் பக்கம் வாடியம்மா என்று மாற்றி உட்கார வைத்தேன். ஆமாம் என்றால் அவன் கண் மேலே போகும். வேண்டாம் என்றால் நம்ம ஊரில் எல்லோரும் நாக்கைத் தட்டுகிற மாதிரி அவனும் ச் என்பான், ஆனால் எச்சில் விழுங்கும்போதும் அதே சத்தம்தான் வரும், புருவம் சேர்ந்தால்தான் அது வேண்டாம், புருவம் சேராவிட்டால் வெறும் எச்சில் என்று சொல்லிக்கொடுத்தேன். அவள் தரையிலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். அரை மணி நேரத்தில் அவனோடு நன்றாகப் பழகிவிட்டாள், அவனும் வாயெல்லாம் சிரிப்பாக இருந்தான்.

அப்போதுதான் என்னை உற்றுப் பார்த்தாள். அவனுக்கு முடி வெட்டிப் புதுச்சட்டை போட்டிருந்தேன், நானும் கொண்டையும் பட்டுச்சேலையுமாக இருந்தேன், அதனால் அதுவரைக்கும் தெரியவில்லை போல. அம்மா, நீங்க அந்த வீடியோல வர்ற அம்மாதானே என்றாள். சினிமாக்காரியைப் பார்த்த மாதிரி பக்கத்திலிருந்த இரண்டு பெண்களையும் கூப்பிட்டுவிட்டாள். எந்த வீடியோ என்றேன். எங்க க்ளாஸ்ல உங்கள நாலு வாட்டி போட்டுக் காட்டினாங்கம்மா, பரீட்சையிலகூட வந்தீங்க, பத்து மார்க் கேள்வி என்றாள். என்ன கேள்வி என்றேன், அந்தப் பெண்ணுக்குச் சூது தெரியவில்லை, அப்படியே ஒப்பித்தாள். இந்தக் காட்சியில் தாய் செய்யும் தவறுகள் யாவை, அவர் எத்தனை முறை மகனுக்காகப் பதில் சொல்கிறார். எத்தனை என்று கேட்டேன். பதினொன்றும்மா, நான் சரியா எழுதினேன் என்றாள். அதைச் சொன்ன பிறகுதான் என் முகத்தைப் பார்த்தாள், நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

யாரும்மா அந்தப் பாடம் நடத்தினது என்று கேட்டேன். ஆஸ்திரேலியாவிலிருந்து வாரம் ஒருநாள் கம்ப்யூட்டரில் எடுக்கிற அருள்மொழி மேடம் என்றாள். ரொம்ப நல்ல மேடமாம், பொறுமையாகச் சொல்லித் தருவாராம். எங்களைப் பற்றி அந்த மேடம் என்ன சொன்னாங்க என்று கேட்டேன். தமிழ்நாட்டுல ஒரு கிராமத்துத் தாய், அதிகம் படிக்காதவர், இருபது வருஷத்துக்கு மேல தனியா பாத்துக்கறாங்க, அவங்களைக் குறை சொல்லக் கூடாது, கத்துக்கணும்னு சொன்னாங்கம்மா என்றாள். ஒரு கிராமத்துத் தாய். அருளு, அந்த இடத்தில் எனக்குக் காது அடைத்துப்போனது. அந்த மேடம் நான் பெற்ற பெண் என்று என் வாயில் வரவில்லை. சொன்னால் உன் மானம்தானே போகும் என்று விழுங்கிக்கொண்டேன். நீ என்னை மறைத்தாய், நான் உன்னைக் காப்பாற்றினேன், இதுதான் அன்று வெள்ளிமலையில் நடந்தது.

அந்த வீடியோவைக் காட்டு என்றேன். காட்டக் கூடாதும்மா என்று தயங்கினாள், நான் விடவில்லை, அவள் போனில் எடுத்துக் காட்டினாள். பார்த்தேன். போன வருஷம் லீவுக்கு வந்தபோது சமையல்கட்டு வாசலில் போனைச் சாய்த்து வைத்து நீ எடுத்தது. தோள்பட்டை பிரிந்த நைட்டி, கையெல்லாம் மாவு, தலை ஒரு கோலம். அங்க போயி தனியா இருக்கும்போது உங்க ரெண்டு பேரையும் பாத்துக்கினு இருப்பேம்மா என்று சொன்னாயே, அந்த வார்த்தைக்குத்தான் நான் அந்தக் கோலத்தில் நின்றேன். அப்புறம் ஒரு தாளை நீட்டினாய், ஆபீஸ் விஷயம்மா, சும்மா மூணு இடத்துல கையெழுத்து போடு என்றாய், மாவுக் கையை நைட்டியில் துடைத்துவிட்டுப் போட்டேன். இங்கிலீஷில் இருந்தது, நான் என்ன கண்டேன்? எவனோ ஒருவன் நீட்டியிருந்தால் அப்பாவைக் கேட்டுவிட்டுப் போடுகிறேன் என்றிருப்பேன். நீ நீட்டினாய் என்பதால் கேட்கவில்லை. என்னை ஊரான் யாரும் ஏமாற்றவில்லை அருளு, நான் வயிற்றில் சுமந்த நீதான் ஏமாற்றினாய்.

தவறு என்கிறாயே, எது தவறு? வீட்டுக்கு வருகிறவர்கள் யாராவது அவன் முகத்தைப் பார்த்து நல்லா இருக்கியா என்று கேட்டிருக்கிறார்களா? அவன் தலைக்கு மேலேயே என்னைப் பார்த்து, சாப்புட்டானா, தூங்கறானா, இன்னா சொல்றான் என்றுதான் கேட்கிறார்கள். உன் சித்தப்பா அப்படித்தான், அம்சவள்ளி அப்படித்தான், ஆஸ்பத்திரியில் டாக்டரும் அப்படித்தான். வந்தவர்கள் கேட்டால் பெற்றவள் பதில் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் திமிர் பிடித்தவள் என்பார்கள். அப்படிச் சொல்லிச் சொல்லியே இருபது வருஷம் ஆனது. அவனுக்கு ஒரு வேளை சோறு ஊட்ட ஒன்றேகால் மணி நேரம் ஆகிறது, புரை ஏறாமல் ஊட்ட வேண்டும், அது உன் வீடியோவில் இருந்ததா? எச்சில் சத்தத்துக்கும் வேண்டாம் என்பதற்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க எனக்கு நாலு வருஷம் ஆனது, அதற்கு எத்தனை மார்க் போட்டாய்? அந்தப் பெண் நாலு தடவை வீடியோ பார்த்தும் வலப்பக்கம்தான் போய் உட்கார்ந்தாள். என்னைப் பாடம் நடத்தக் கூப்பிட்டிருந்தால் வந்திருப்பேனே, என்னையே பாடமாக வைத்துவிட்டாயே.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும். நீ ஒன்பதாவது படிக்கும்போது உன் கூட்டாளிகள் வீட்டுக்கு வருகிறார்கள் என்று அவனை உள் அறையில் படுக்க வைத்துக் கதவைச் சாத்தினாய். அவன் சத்தம் கொடுத்தபோது பக்கத்து வூட்டு ஆட்டுக்குட்டி என்று அவர்களிடம் சொன்னாய். நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். சின்னப் பிள்ளை, வெட்கப்படுகிறாள் என்று விட்டுவிட்டேன், இன்றுவரைக்கும் உன் அப்பாவுக்குக்கூடத் தெரியாது. அவனுக்காகவே இந்தப் பேச்சுப் பயிற்சிப் படிப்பைப் படிக்கிறேன் என்று நீ கிளம்பிய அன்று என் மனக்குறையெல்லாம் தீர்ந்துபோனது. இப்போது சொல், அன்றைக்கு ஆட்டுக்குட்டி என்றவளுக்கும் இன்றைக்குக் கிராமத்துத் தாய் என்றவளுக்கும் என்ன வித்தியாசம்? அன்றைக்கு உனக்குப் பதினாலு வயது, இன்றைக்கு முப்பத்து ஒன்று.

கீழே இறங்கி வந்து அப்பாவிடம் சொன்னேன். இன்னா ஜெயம், படிச்ச பொண்ணு, எதுனா காரணம் இல்லாமயா செஞ்சிருக்கும், வுடு என்றார். உன் விஷயத்தில் அவர் என்றைக்கு எனக்குப் பேசியிருக்கிறார்? அவரோடும் இரண்டு நாள் பேசவில்லை. அதற்குள்தான் நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய புதுப் படிவத்தை பிரவுசிங் சென்டரில் பிரிண்ட் எடுத்துக்கொண்டு வந்து நீட்டுகிறார். இந்தியா முழுக்க இருநூறு மாணவிகளுக்குப் பெரிய பயிற்சி நடக்கப் போகிறதாம், அதிலும் இந்த வீடியோவைக் காட்ட வேண்டுமாம், பழைய கையெழுத்து செல்லாதாம், கையெழுத்துப் போட்ட அசல் தாளே தபாலில் வர வேண்டுமாம். இந்த முறை தமிழில் இருந்தது, அதனால் ஒரு எழுத்து விடாமல் படித்தேன். உன் கல்லூரி கேட்டதால் தமிழில் அனுப்பினாயா, நீயாக அனுப்பினாயா என்று தெரியவில்லை. அதைக் கிழித்து அடுப்பில் போடத்தான் எடுத்தேன். ஆனால் என் கையெழுத்துக்கு மேலே இன்னொரு கட்டம் இருந்தது, காட்சியில் வருபவரின் சம்மதம், அவருக்குப் புரியும் முறையில் கேட்டுப் பெறவும் என்று போட்டிருந்தது.

அதனால் கேட்டேன். அவன் இடப்பக்கம் உட்கார்ந்து, பகலு, அக்கா உன்னைப் படம் எடுத்துக்கினு போயி எல்லாருக்கும் போட்டுக் காட்டுறா, இன்னும் காட்டட்டுமான்னு கேக்குறா, வேணாம்தானே என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் புத்திக்கு உறைத்தது, வேணாம்தானே என்று நானே பதிலையும் சேர்த்துச் சொல்லிவிட்டேன், அது பன்னிரண்டாவது. மறுபடி முதலிலிருந்து கேட்டேன், காட்டட்டுமா என்று மட்டும். முதுகுக்குப் பின்னால் விரலை மடக்கினேன். அம்மாடி, அந்தப் பத்து எவ்வளவு நீளம் தெரியுமா? அஞ்சு எண்ணுவதற்குள் வாய் பரபரக்கிறது, ஏழு எண்ணும்போது அவனுக்குப் புரியவில்லை என்று எழுந்துவிடலாம் போலிருக்கிறது. ஒன்பதில் அவன் கண் மேலே போனது. காட்டு என்கிறான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. காட்ட வேண்டாமா என்று மாற்றிக் கேட்டேன், புருவம் சேர்ந்தது, ச் என்றான். எச்சில் இல்லை, எனக்குத் தெரியாதா? ரெண்டு பேரும் சேந்துக்கினீங்களா என்று அவனைத் திட்டினேன். சிரிக்கிறான். அந்தச் சிரிப்பைப் பார்த்து அழுதேன் அருளு, ஏன் அழுதேன் என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை.

உன்னிடம் மறைக்க மாட்டேன், அந்த வீடியோவில் ஒன்றைப் பார்த்தேன். கடைசியில் நீ அட்டையைக் காட்டி என்ன வேண்டும் என்று கேட்கிறாய், அவன் ஆட்டோ படத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறான், நான் உள்ளிருந்து தூக்கம் வருதுன்றான் என்று சொல்கிறேன், நீ படத்தை எடுத்து வைத்துவிட்டுப் பாய் போடுகிறாய். அவன் அப்பாவோடு வெளியே போகணும் என்றிருக்கிறான். எத்தனை நாள் அப்படிப் படுக்க வைத்தேனோ. இதை நீ என் கையைப் பிடித்துக்கொண்டு, அம்மா, இங்க பாரும்மா என்று சொல்லியிருந்தால் நான் கேட்டிருக்க மாட்டேனா? இருநூறு பேருக்குச் சொல்ல உனக்கு வாய் வருகிறது, எனக்கு ஒருத்திக்குச் சொல்ல வரவில்லை. மன்னித்துவிட்டேன் என்று இந்தக் கடிதத்தில் எழுத மாட்டேன், எழுதினால் அது பொய்.

இப்போது தினமும் சாயங்காலம் அப்பா அவனை முன்சீட்டில் பெல்ட் போட்டுக் கட்டி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஒரு சுற்று அழைத்துப் போகிறார். நீ வேளைக்குச் சாப்பிடு, வேலை வேலை என்று பட்டினி கிடக்காதே, வெந்தயப்பொடி தீர்ந்திருந்தால் எழுது. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். மாணவிகளுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது, எந்தப் பக்கம் உட்காருவது என்று முதலில் பெற்றவளைக் கேட்கச் சொல், கேட்ட பிறகு அவளை வெளியே போகச் சொல்லட்டும், தப்பில்லை. நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும், உனக்கு எந்தப் பிள்ளையாலும் இந்த மாதிரி ஒரு நாள் வரக் கூடாது, அந்த மாரியாத்தா பார்த்துக்கொள்ளட்டும்.

படிவத்தை இதோடு வைத்திருக்கிறேன். அவனிடம் மூன்றாவதாக ஒன்று கேட்டேன். அக்கா அந்தப் புள்ளைங்க கிட்ட இது எங்கம்மா, இது என் தம்பின்னு சொல்லணுமா என்று கேட்டேன். விரலை மடக்கக்கூட நேரம் தரவில்லை, கண் மேலே போய்விட்டது. அதனால் அவன் கட்டத்தில் அவன் பெருவிரலை மையில் தொட்டு வைத்திருக்கிறேன், கீழே நானும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். படிவத்தின் மேலே பயிற்சி அளிப்பவர் அருள்மொழி என்று அச்சடித்திருந்தது, அதன் பக்கத்தில் பகலவனின் அக்கா என்று என் பேனாவால் எழுதியிருக்கிறேன். அதை அடித்துவிட்டு உன் கல்லூரிக்குக் கொடுத்தாய் என்றால் என் கையெழுத்தையும் சேர்த்து அடித்துவிடு.

இப்படிக்கு,
உன் அம்மா
க. ஜெயம்மாள்